தராசு கேட்ட கேள்வி

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. கொழுந்து நிறுக்கும் தராசு எடையைச் சொல்லாமல் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறதாம்.

கொழும்பில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. மின்னணுத் தராசுகள் செய்து விற்கிறோம், பழுதானால் போய்ப் பார்க்கிறோம். புகாரைத் தொலைபேசியில் வாங்கியவன் அதை உரக்கச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். "தராசுக்கே பசி வந்துட்டுது போல" என்றார் ஒருவர். "மலைநாட்டுத் தராசு தானே, பேய் புகுந்திருக்கும்" என்றார் இன்னொருவர். நான் மலைநாட்டுக்காரி என்பது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னார். வேறு நாளாக இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு நான் எழுந்து கழிவறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்தத் தராசில் இருப்பது என் அம்மாவின் குரல்.

அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். நான் பிறந்து வளர்ந்தது அங்கே ஒரு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். படித்து, கொழும்பில் இந்த வேலைக்கு வந்த பிறகு, ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் தராசு பற்றிப் பேச்சு வரும். தராசின் எண்கள், எடையைப் பதிகிற கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பியிருக்கும். பறித்த பெண்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். "அவரு தராசப் பாக்குறாரு, நாங்க அவரு மூஞ்சியப் பாக்குறோம். இதுக்கு எதுக்கு கரண்டுத் தராசு?" என்பாள். அந்தப் பேச்சை நான் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். எடையை வாய்விட்டுச் சொல்லும் தராசு அப்படித்தான் வந்தது. யோசனை என்னுடையது என்று எங்கள் முதலாளி வெளியே சொல்வதில்லை. போகட்டும்.

குரலுக்கு முதலில் ஒரு வானொலி அறிவிப்பாளரைப் பிடித்தார்கள். "பதினேழு தசம் ஐந்து கிலோகிராம்" என்று அவர் வாசித்தது செய்தி அறிக்கை மாதிரி இருந்தது. மழையில் நனைந்து, இடுப்பில் கட்டிய படங்கு சொட்டச் சொட்ட நிற்கிற பெண்களுக்கு யார் செய்தி வாசிப்பது? நான் பதிவு செய்துகொண்டு வருகிறேன் என்று சொல்லி லேப்டாப்போடு ஊருக்குப் போனேன்.

லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சன்னல்களைச் சாத்தி, கம்பளிகளைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் அம்மாவை உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் ஒத்துழைக்கவில்லை, அதைக் கூடையால் மூடினோம். முதலில் பூச்சியம் சொல்லச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

"எடுத்த எடுப்புல ஒண்ணுமில்லன்னு சொல்லுவாங்களா? என்னா படிச்ச நீ?"

"பிறகு என்னதான் சொல்றது?"

"பொலின்னு சொல்லணும்."

காலையில் மலையில் ஏறியதும் முதல் பிடிக் கொழுந்தைப் பொலி என்று சொல்லித்தான் போடுவார்கள். ஒருவர் சொன்னால் நிரையில் நிற்கிற எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். பெருகட்டும் என்று அர்த்தம். அம்மாவின் பிடிவாதம் எனக்குத் தெரியும். பூச்சியத்தை விட்டேன். தராசை முடுக்கியதும் அது முதலில் "பொலி" என்று சொல்லும்படி ஆனது அப்படித்தான். எண்களையும் அம்மா தன் வாய்க்கு வந்தபடிதான் சொன்னாள், தசம் எல்லாம் கிடையாது, "அரை" மட்டும்தான்.

முப்பதுகளில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்றாள். நான் வாயில் விரலை வைத்துச் சைகை காட்டினேன். "ஏன், பேசுனா வாய் வலிக்குமா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், எல்லாம் பதிவாகிவிட்டது. பிறகு வெட்டித் திருத்தும்போது சிரிப்பையும் சேவலையும் எடுத்துவிட்டேன். அந்த ஒற்றைக் கேள்வி மட்டும் சுத்தமாகத் தனியாக நின்றது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. சிப்பில் இடமும் இருந்தது. எல்லா எண்களுக்கும் பின்னால், கடைசிப் பதிவாக, அதை வைத்தேன். நிரலில் எந்த வரியும் அதைக் கூப்பிடாது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. ஒரு காய்ச்சல், பதுளை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பதிவுகள் இருந்த லேப்டாப், கொழும்பில் என் வாடகை அறைக்குள் வெள்ளம் வந்தபோது செத்துப்போனது. ஃபோனில் அம்மாவின் படங்கள் இருக்கின்றன, குரல் இல்லை. அவள் குரல் செய்தி அனுப்புகிற ரகம் இல்லை. மத்தியான நிறுவை முடிந்ததும் ஒரு மிஸ்ட் கால் கொடுப்பாள், நான் திரும்ப எடுத்துப் பேசுவேன். எடுத்ததும் ஹலோ எல்லாம் இல்லை, "சாப்பிட்டியா?" தான். தினமும் கேட்கிற கேள்வியை யாராவது பதிவு செய்து வைப்பார்களா?

அந்த வகைத் தராசுகளில் மற்றவை எல்லாவற்றிலும் அம்மா இருக்கும்போதே புதிய குரல் வந்துவிட்டது, கணினியே செய்த பெண் குரல். மிஞ்சியது மடுல்சீமைப் பக்கத்து ஒன்றுதான். "பழைய குரல் சர்க்யூட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டு வாருங்கள், பழையதைத் தேட மாட்டோம், குப்பைதான்" என்றார் முதலாளி. நான் உடனே சரி என்றேன். அது எழுதினால் எழுதியதுதான் என்கிற வகைச் சிப். வாசிக்கும், ஆனால் வேறு இடத்துக்குப் பிரதி எடுக்க விடாது. ஆகவே அந்தச் சர்க்யூட்டே எனக்கு வேண்டும். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். பஸ்ஸில் ஏறியபோது நான் பழுது பார்க்கப் போகவில்லை, அம்மாவைக் கூட்டிவரப் போனேன்.

பதுளையில் இறங்கியதும், தராசை லேப்டாப்போடு இணைக்கும் என் சீரியல் கேபிளின் முனை பையில் நசுங்கி உடைந்திருப்பதைப் பார்த்தேன். பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கேட்டேன். ரேடியோ, டார்ச், ரிமோட் எல்லாம் குவிந்து கிடந்த கடை. அவர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதெல்லாம் இப்ப யாரு மகள் கேக்குறாங்க" என்றார். பெரிய பெரிய இயந்திரங்களுக்குள்ளே இன்னும் இதுதான் ஓடுகிறது நானா என்றேன். அவர் நம்பவில்லை. பசறை போய், அங்கிருந்து மேலே ஏறும் பஸ்ஸைப் பிடித்தேன். பாதை அப்படியேதான் இருக்கிறது. மாறாத விஷயங்கள் என்று ஊரில் தேடினால் முதலில் இந்தப் பாதையைத்தான் காட்டலாம்.

சீரியல் போர்ட் என்பது இரண்டு சாதனங்கள் ஒரு மெல்லிய கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் பழைய வழி. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும். அனுப்புவதையும் வாங்குவதையும் பார்த்துக்கொள்ளும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இந்தத் தராசுக்குள் இரண்டு சர்க்யூட்டுகள் உண்டு. ஒன்று எடையைப் பார்க்கும். மற்றது குரல். எடை பார்க்கும் சர்க்யூட், "இத்தனையாம் பதிவைச் சொல்லு" என்று கம்பி வழியாகச் சொல்லும், குரல் சொல்லும். அந்த டிரைவரை யார் எழுதியது என்று கேட்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் பழைய நிரல்களுக்குத் தாய் தகப்பன் கிடையாது.

கணக்கப்பிள்ளை மடுவத்து வாசலிலேயே காத்திருந்தார். கொழுந்து நிறுக்கிற கொட்டகையைத்தான் மடுவம் என்கிறோம். அம்மா காலத்து ஆள் இல்லை, புதியவர், நல்ல மாதிரி.

"நேத்துக்கூடக் கேட்டுச்சு மிஸ், சாமி சத்தியமா. மத்தியான நிறுவையிலதான் ரொம்பக் கேக்குது. கேட்டுச்சுன்னா எடையைச் சொல்லாது. நான் சொல்றதை இவங்க நம்ப மாட்டாங்க, அது சொன்னாத்தான் ஒத்துக்குவாங்க. தெனமும் சண்டை."

அலுவலக லேப்டாப்பைக் கம்பியோடு இணைத்து, இரும்பு எடைப் படிகளை வைத்து வைத்துப் பார்த்தேன். தராசு சமர்த்தாகச் சொன்னது. ஒவ்வொரு கட்டளையும் திரையில் ஒழுங்காக ஓடியது. முதல் படியை வைத்ததும் "அஞ்சு" என்று அம்மாவின் குரல் வந்தபோது, நான் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கணக்கப்பிள்ளை நல்லவர், வெளியே மழை வருகிறதா என்று பார்க்கப் போனார்.

காலை நிறுவைக்குப் பெண்கள் இறங்கி வந்தார்கள். பாதிப் பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். "என்னா புள்ள, இப்பிடி மெலிஞ்சி போயிட்ட?" என்று ஆளுக்கொரு முறை கன்னத்தைத் தடவினார்கள். அம்மாவின் பக்கத்து நிரையில் எப்போதும் பறித்த சின்னம்மா என் கையைப் பிடித்தபடியே நின்றார். ஆனால் தராசுக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டார்கள். மூட்டை ஏறியது, தராசு சொன்னது, மூட்டை இறங்கியது. "பதினேழரை." "பதினாலு." "பத்தொம்போது." ஒரு பிழை இல்லை. டாக்டரிடம் கொண்டுபோனதும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரி நின்றது தராசு.

நான் அப்போதே கழற்றியிருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு பிழை ஏன் வந்தது என்று தெரியாமல் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. போனால் சோறு இறங்காது. இதனால் எனக்கு நண்பர்களும் குறைவு. மத்தியான நிறுவையையும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

மத்தியானம் கணக்கப்பிள்ளையை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "நீங்க பாத்துக்கங்க மிஸ், இந்தா வந்துர்றேன்" என்று அவர் போன சற்று நேரத்தில் பெண்கள் வந்தார்கள். வரிசையில் முன்னால் நின்றது, அந்த வருஷம்தான் பூனாகலையிலிருந்து கல்யாணம் கட்டி வந்திருந்த ஒரு சின்னப் பெண். மூட்டையை வைத்தாள். வைத்த கையோடு, குனியாமலேயே, தராசின் அடியில் விரலை விட்டு எதையோ அமுக்கினாள்.

"பொலி" என்றது தராசு.

"பொலி" என்றாள் அவள்.

"அடியேய்!" என்றார் பின்னால் நின்ற சின்னம்மா. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது.

அவள் அமுக்கியது ரீசெட் பொத்தான். எடை பார்க்கும் சர்க்யூட்டை நிறுத்தித் திரும்ப முதலிலிருந்து ஓடவைக்கும் பொத்தான். பழுது பார்க்க வருகிற எங்களுக்காக அடியில் மறைத்து வைத்திருப்பது.

"எதுக்கு அதை அமுக்குறீங்க?" என்று கேட்டேன்.

ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பிறகு சின்னம்மாதான் சொன்னார்.

"காலையில போட்ட ஒடனே ஒரு தடவைதான் புள்ள பொலி சொல்லுது. அது மொத மூட்டைக்கு. மத்த மூட்டையெல்லாம் என்னா பாவம் பண்ணுச்சு? பொலி சொல்லாம எப்பிடி நிறுக்கிறது? மழத்தண்ணியத் தொடைக்கிறப்ப ஒருத்தி கை பட்டுச்சு, ஒங்கம்மா திரும்பப் பொலி சொல்லுச்சு. அதுலருந்து ஆளுக்கொரு தடவை அமுக்கிக்கிறோம்."

"கணக்கப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு. நாங்க மறைச்சி நின்னுக்குவோம், தராசு தானாத்தான் பொலி சொல்லுதுன்னு நெனைச்சிக்கிட்டிருக்காரு."

எங்கள் அலுவலகத்தில் அந்தத் தராசை வெயிலில் வைத்தோம், தண்ணீர் ஊற்றினோம், மேசையிலிருந்து கீழேகூடப் போட்டுப் பார்த்தோம். மூட்டைக்கு ஒரு தடவை ரீசெட்டை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? தோன்றாது. எங்கள் லயத்துப் பெண்களுக்குத்தான் தோன்றும்.

"எப்பவும் எப்பிடிச் செய்வீங்களோ அப்பிடியே செய்யுங்க. நல்லா அமுக்குங்க" என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டேன். முதலில் தயங்கினார்கள். பிறகு பழைய வேகம் வந்துவிட்டது. மத்தியானம், எல்லோருக்கும் பசி. ஒருத்தியின் எடையைத் தராசு சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவள் மூட்டையை ஏற்றிப் பொத்தானை அமுக்கினாள். பொலி, பொலி, பொலி என்று மடுவம் கலகலத்தது. சின்னம்மாவின் முறை வந்தது. மூட்டையை வைத்து, அமுக்கி, நிமிர்ந்தார்.

"சாப்பிட்டியா?"

திரையில் எனக்கு எல்லாம் தெரிந்தது. எடை சர்க்யூட் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையிலும் நாலு எழுத்து. தொடக்கம், வேலை, பதிவின் எண், முடிவு. பாதி அனுப்பும்போது ரீசெட் அமுக்கினால் அனுப்புகிற சர்க்யூட் மட்டும்தான் புதிதாகத் தொடங்கும். குரல் சர்க்யூட்டுக்கு அது தெரியாது. மிச்சப் பாதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அடுத்த கட்டளையின் எழுத்துகள் அந்தக் காலி இடங்களில் போய் உட்கார, எல்லாம் இடம் தவறும். பதிவின் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு குறி விழும். அவ்வளவு பெரிய எண்ணில் பதிவே இல்லாததால், குரல் சர்க்யூட் தன்னிடம் இருக்கும் கடைசிப் பதிவை எடுத்துச் சொல்லும். இவ்வளவுதான். இதில் பேயும் இல்லை, பூதமும் இல்லை. எந்த எழுத்து எங்கே இடம் மாறியது என்று விரல் வைத்துக் காட்டக்கூட என்னால் முடியும்.

எல்லாம் தெரிந்தும், "இல்லம்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

 சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  இரண்டு தீபாவளியாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கேட்கிறவர்கள் உண்டு, அலுவலகத்தில் மரியாதைக்குக் கேட்பார்கள், நானும் ஆமாம் என்பேன். இது அப்படி இல்லை. இது பதிலுக்கு நிற்கிற கேள்வி.

சின்னம்மா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலோடு என் கையில் வைத்தார். சாப்பிட்டேன். பெண்கள் போன பிறகு தராசின் பின்பக்கத்தைத் திறந்தேன்.

குரல் சர்க்யூட் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் ஒரு குறையும் இல்லை, குறை எங்கள் டிரைவரில்தான். அதைத் திருத்தினால் தராசு இனி எடையை மட்டும்தான் சொல்லும், அம்மா கேட்க மாட்டாள். திருத்தாவிட்டால் இந்தப் பெண்கள் தினமும் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் புதியதைப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. யார் வீட்டுத் தாயை யார் வைத்துக்கொள்வது? இருபத்துநாலு மணி நேரமும் என் அறையில் இருக்கட்டும். திருகாணிகளைக் கழற்றி அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பூனாகலைப் பெண் போகாமல் மடுவத்து ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் பொத்தானை அமுக்கியதற்கு நான் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிடுவேனோ என்று பயம் போல.

"கழட்டிட்டீங்களாக்கா?"

"ம்."

"கொழும்புக்குக் கொண்டு போறீங்களா?"

"ம். எங்கம்மா குரல் தானே."

"ஆமாங்க்கா. நாங்கதான் சும்மா வெச்சிருக்கோம்." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் நினைக்காமல்தான் கேட்டாள். "அங்க யாருக்கா அமுக்குவாங்க?"

 என் அறை கண்ணுக்கு முன்னால் வந்தது. கட்டில், மேசை, மேசைமேல் இந்தச் சர்க்யூட். நான்தான் அமுக்குவேன். அமுக்கினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், எந்த நொடியில் வரும் என்பதும் தெரியும். நானே அமுக்கி நானே கேட்டுக்கொள்வது ஒரு கேள்வியா? ஃபோனில் பதிவு செய்துகொண்டு போனாலும் அதே கதைதான். மடுவத்தில் அது என்னைக் கேட்டபோது நான் அதை எதிர்பார்க்கவில்லை. வேறொருத்தி தன் மூட்டைக்குப் பொலி வேண்டுமென்று அமுக்கினாள், அம்மா கேட்டாள். அதனால்தான் இல்லம்மா என்று வந்தது.

கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய், "நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலக்கா" என்றாள். இல்லை என்றேன். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துத் திருகாணிகளை முறுக்கினேன். அவற்றை அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருக்கத் தேவையில்லை.

டிரைவரைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. தராசு புதிதாகத் தொடங்கும் போதெல்லாம், முதலில் வெற்று எழுத்துகளை அனுப்பி, குரல் சர்க்யூட் வாயில் வைத்திருக்கிற அரைகுறைக் கட்டளையைத் துப்ப வைக்க வேண்டும். அது தயார் என்று பதில் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். பிறகுதான் பேச வேண்டும். மனிதர்களுக்கும் இது நல்ல பழக்கம்தான், எனக்குத்தான் வரவில்லை. கூடவே இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் தராசு தானாகவே பொலி சொல்லும். யாரும் மறைந்து நின்று அமுக்க வேண்டாம்.

மாலை நிறுவையில் எல்லாம் கச்சிதமாக நடந்தது. மூட்டைக்கு மூட்டை பொலி, மூட்டைக்கு மூட்டை எடை. கணக்கப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். பெண்களும் சிரித்தார்கள், ஆனால் கடைசி மூட்டை இறங்கிய பிறகும் யாரும் நகரவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரியாத்தான் சொல்லுது" என்றார் சின்னம்மா. செத்த வீட்டில் சொல்வது மாதிரிச் சொன்னார்.

அன்று சின்னம்மா வீட்டில் தங்கினேன். காலையில் மடுவத்துக்குப் போய் டிரைவரில் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், மத்தியானத்துக்கு மட்டும். இதற்கு அலுவலகத்தில் நான் அனுமதி கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. மத்தியான நிறுவை வந்தது. கடைசி மூட்டை ஏறியது. "பொலி", "பதினாறரை". மூட்டை இறங்கியது. தராசு வெறுமையாகி, அடுத்த மூட்டை வராமல் சற்று நேரம் நின்றது.

"சாப்பிட்டியா?" என்றது.

 சின்னம்மா, பக்கத்து நிரையில் நிற்பவளிடம் சொல்கிற மாதிரி, "இனிமேதான் புள்ள, நீ போய் சாப்பிடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்து, "திருத்தலையா மிஸ்?" என்றார்.

"திருத்தியாச்சு அண்ணே. இது அப்பிடித்தான்."

பஸ் ஏற்றிவிட வந்த பூனாகலைப் பெண் என் நம்பரைக் கேட்டாள். கொடுத்தேன். கொழும்புக்கு வந்ததும் முதலாளியிடம், பழைய சர்க்யூட்டில் பழுது இல்லை, டிரைவரில்தான் பழுது, திருத்திவிட்டேன் என்று புதியதைப் பிரிக்காமலேயே மேசையில் வைத்தேன். பேய் என்று சொன்னவர், "என்ன, பேயை ஓட்டியாச்சா?" என்றார். "இல்லை, குடிவைத்துவிட்டு வந்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் விளக்குகிற பொறுமை இல்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் ஃபோன் ஒரு தடவை அடித்து நின்றது. தெரியாத நம்பர். திரும்ப எடுத்தேன். அந்தப் பக்கம் பூனாகலைப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, "திரும்ப எடுக்காதீங்கக்கா, சும்மா மிஸ்ட் கால்தான். இப்பத்தான் தராசு கேட்டுச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதிலிருந்து மடுவத்தில் மத்தியான நிறுவை நடக்கிற நாளெல்லாம் அந்த மிஸ்ட் கால் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வராது. தோட்டத்தில் வேலை நின்ற நாளில் வராது. அந்த நாட்களில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, இல்லை என்று தெரிந்தும் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன், சோறு ஆறிப்போகும். வருகிற நாட்களில் அது ஒரு தடவை அடித்து நிற்கும். நான் திரும்ப எடுப்பதில்லை.

"இல்லம்மா, இனிமேதான்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறேன்.